கீறல் விழுந்த கிராஷ் கார்டு

பிடிவாதத்தை அம்மாவிடமிருந்தும் அவசரத்தை என்னிடமிருந்தும் பாகம் பிரித்து வாங்கிக்கொண்ட என் ஒரே மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம், நீயும் அப்படியே இருக்க விரும்புகிறோம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது முறை. அம்மா சுகம். சமையலறைக் குழாயும் சுகம், நீ சொன்னபடி வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. நானும் சுகம்தான், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடது காறை எலும்பையும் விலா எலும்பு இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால். பதறாதே, உட்கார், தண்ணீர் குடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கும் எலும்புக்கும் சம்பந்தம் இல்லை, அது எப்போதும் அப்படித்தான் என்பது உனக்கே தெரியும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். என் போன் அம்மாவின் கைப்பைக்குள் இருக்கிறது. கொடுத்தால் நான் மறுபடியும் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேனாம். தவிர, போனில் பேசினால் நீ பாதியில் "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நம்பாதே. உன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். வேண்டுமென்றே விழுந்தேன். உனக்காக விழுந்தேன். ஆகவே வரும் பதினைந்தாம் தேதி நீ தாராளமாகப் புறப்படலாம், நீ திட்டம் போட்ட நாலாயிரம் கிலோமீட்டரையும் அதில் தனியாகவே போய் வரலாம், இனி உனக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் ஆகாது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் படி.

போன மாதம் நீ வண்டியை நம் வீட்டு முன்புறம் நிறுத்தி, "லீவு கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேம்பா, அதுக்குள்ள ஒரு கிராஷ் கார்டு மட்டும் மாட்டி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, அது ஏதோ தபால் தலை ஒட்டுகிற வேலை மாதிரி, பஸ் ஏறிப் போய்விட்டாய். வண்டி சாயும்போது எஞ்சினும் ஓட்டுகிறவர் காலும் தரையில் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் போடுகிற இரும்பு வளையத்துக்குத்தான் அந்தப் பெயர் என்பதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. கடைக்குப் போனேன். கடைக்காரர், "எஞ்சினுக்கு மட்டுமா சார், மேல டேங்குக்கும் சேர்த்தா? ஒத்தைக் குழாயா, ரெட்டைக் குழாயா? துருப்பிடிக்காத இரும்பா, சாதா இரும்பா?" என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில், "ஓட்டுறவங்க வழக்கமா எந்தப் பக்கம் விழுவாங்க?" என்றார். என் மகள் விழுகிற ஆள் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு சார் இது?" என்றார். கேள்வி நியாயமாக இருந்ததால் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் நான் பார்க்காத படம் இல்லை, படிக்காத விவரம் இல்லை. எந்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எது எஞ்சினோடு சேருகிறது, எது வண்டிச் சட்டத்தோடு சேருகிறது, கைப்பிடியைத் திருப்பினால் எதில் சக்கரம் இடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி இதுல பாதி விசாரிச்சிருப்பீங்களா?" என்றாள். விசாரிக்கவில்லை என்பதால் நோட்டில் அடுத்த அளவை எழுதினேன். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன், பணம் கட்டினேன், நாலாம் நாள் பார்சல் வந்தது. சாப்பாட்டு மேஜை மேல் வைத்துக் கத்தரிக்கோலால் பிரித்தேன். இரண்டு குழாய்கள், தனித்தனியாக வெள்ளை நுரை உறையில். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றில், வளைவுக்குக் கீழே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

உறை கிழியவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை, உள்ளே இரும்பு மட்டும் கீறியிருந்தது. முப்பத்து நாலு வருடம் எக்ஸ்ரே எடுத்தவன் நான், தோலில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் உள்ளே எலும்பு இரண்டாகக் கிடந்த ஆட்களை நிறையப் பார்த்தவன், அதனால் எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் இனிமையாக, "உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார், வர்ற வழியில அடிபட்டிருக்கும்" என்றாள். உறை கிழியவில்லையே அம்மா என்றேன். "உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார்" என்றாள். மூன்றாம் முறையும் அவள் வருந்துவதற்குள் பார்சலைத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டேன். கட்டும்போதுதான் பார்த்தேன், கீறலுக்குள் சிவப்பாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது, நம் வீட்டில் எங்கேயும் இல்லாத கல்பொடி.

இரண்டாம் தடவை ஏமாறக் கூடாது என்று வேறு கம்பெனிச் சரக்கை நேரில் கடையிலேயே வாங்கினேன். கடைக்காரரின் டியூப் லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். "சார், இது குழந்தை இல்ல, இரும்பு" என்றார் அவர். ஒரு பொட்டுக் குறை இல்லை. பெட்டியை மூடி, டேப் ஒட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மில்லிமீட்டரின் பட்டறைக்குப் போனேன். மில்லிமீட்டர் என்பது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவருக்கு ஊர் வைத்த பெயர், நல்ல பெயர் என்னவென்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அளவு பிசகினால் சாப்பாடு இறங்காத மனிதர். கையில் எப்போதும் ஒரு ஸ்கேல், காதில் ஒரு சாக்குக்கட்டி. உன் வண்டியை அதற்கு முதல் நாளே தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தார். டேப்பை அவர்தான் பிரித்தார். பிரித்தவர் ஒரு குழாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அதே கீறல். அதே வளைவுக்குக் கீழே, அதே நாலு விரல். நான் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன், மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "முடியளவு வித்தியாசம் இல்ல சார்" என்றார். குழாயின் முனையில் ரப்பர் மூடி ஒன்று உண்டு. அந்த மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தேன், விரல் நீளத்துக்கு ஒரு நூல், நைலான் நூல், கண்ணைக் குத்துகிற பச்சை. என்னவோ தோன்றி அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம்தான் நீ போட்டோ அனுப்பினாய், "புது ரைடிங் ஜாக்கெட் எப்டி இருக்குப்பா? எவ்ளோ தூரத்துல இருந்தும் தெரியும்!" என்று. தெரிந்தது மகளே. பர்ஸைத் திறந்து நூலைப் போன் திரையின் மேல் வைத்தேன். நூல் எது, படம் எது என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்து, அந்த நிறம் வேண்டாம், கடையில் கொடுத்து சாம்பல் நிறம் வாங்கு என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "சாம்பல் கலர் போட்டா லாரிக்காரனுக்கு ரோடும் நானும் ஒண்ணாத்தாம்பா தெரிவோம்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் நேரே சமையலறைக்குப் போனேன். அம்மாவிடம் நூலைக் காட்டினேன். "ரிட்டயர் ஆனதுல இருந்து உங்களுக்கு எதைப் பாத்தாலும் எலும்புதான், இப்ப நூலா?" என்றாள். ஆனால் அவளும் அதைக் கையில் வாங்கவில்லை.

வாங்கினால்தானே வம்பு, நம் கண்ணெதிரே செய்துவிடுவோம் என்று மூன்றாவதாக மில்லிமீட்டரையே செய்யச் சொன்னேன். நீளக் குழாய் ஒன்று கொண்டுவரச் செய்து, நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தார். நான் இன்னும் தடிமனான குழாயாகப் போடுங்கள் என்றேன். "வேணாம் சார். கார்டு வளையணும். அது வளையாம நின்னா அடி நேரா வண்டிச் சட்டத்துக்குப் போயிடும், சட்டம் போனா வண்டியே போச்சு" என்றார். எலும்பு விஷயத்திலும் அப்படித்தான் என்றேன், அதில் எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டாயிற்று. எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றி அதே துளையில்தான் கார்டின் காலையும் சேர்த்து மாட்ட வேண்டுமாம். அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும் கழற்றினார். எல்லாவற்றையும் விரலால் பாதி முறுக்கி நிறுத்தி, கார்டு தானாக ஒரு இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தார். பெயிண்ட் அடிக்காத வெறும் இரும்பு, வெள்ளி மாதிரி மின்னியது. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன், கீறலும் இல்லை, நூலும் இல்லை. அவர் கதவை இழுத்துப் பூட்டினார், பூட்டை நானே ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மில்லிமீட்டரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, போட்டோ மட்டும். வாயில் நுரையோடு அங்கேயே நின்றுவிட்டேன். கீறல் வந்திருந்தது, அதே இடம், அதே நீளம். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன். நான் போவதற்குள் மனிதர் கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கார்டு முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல சார்" என்றார். கை முழுக்கக் கறுப்பு, முகத்தில் ரத்தமே இல்லை. "பூட்டு பூட்டினபடி இருக்கு. ஸ்டாண்டு நகரல. கீழ தூசியில என் கால்தடம் மட்டும்தான். ஆனா சைலன்சர் சூடா இருந்துது சார்" என்றார்.

அன்று முழுவதும் அந்தப் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டும் டயரும் திரைக்கு வெளியே போகும்வரை பெரிதாக்கினேன், இரண்டு குழாய்கள் மட்டும் மிஞ்சின. நிழலைப் பார்த்து உடம்பைச் சொல்வதுதான் நான் சோறு தின்ற தொழில். கீறல் முன்பக்கம் ஆழமாகத் தொடங்கிப் பின்பக்கம் மெலிந்து முடிகிறது, ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறது. சாய்வு நாற்பது டிகிரி, ஆகவே முழுவேகம் இல்லை, திரும்புகிற வேகம். இடது பக்கம். உள்ளே சிவப்புக் கல்பொடி, ஆகவே தார் ரோடு இல்லை, கல் பரப்பிய இடம். நூல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நான் எழுதத் தேவையில்லை. இது ஏற்கனவே நடந்த விபத்தின் படம் இல்லை, நடக்கப்போகும் விபத்தின் படம். ரிப்போர்ட் முதலில் வந்துவிட்டது, நோயாளி இன்னும் வரவில்லை. அந்த நோயாளி நீ என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

உன்னைப் போக வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நீ பத்தாம் தேதியே கிளம்பிவிடுவாய். வண்டியை விற்றுவிடலாம். விற்றால் வாங்குகிறவனுக்கும் ஒரு அப்பா இருப்பார். இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் தோன்றியது, ஒரு பிலிமுக்கு ஒரு நோயாளிதான். அந்தக் கீறலுக்கு உரிய விழுகை ஒன்றுதான், அதை யாராவது விழுந்து முடித்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. வயது அறுபத்தொன்று, எலும்பு உறுதி சுமார், ஆனாலும் அப்பன் நான் இருக்கிறேன். மில்லிமீட்டரிடம் சொன்னேன். அவர் ஸ்கேலைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன். "சார், நிக்கிற வண்டியைச் சாய்ச்சா பள்ளம்தான் விழும், கீறல் விழாது. ஓடணும். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார். சைக்கிள் தெரியும் என்றேன். லைசன்ஸ் விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுத விரும்பவில்லை.

மூன்று நாள் குடைப்பிடியைக் கிளட்சாக வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பழகினேன். அம்மா கேட்டதற்கு மூட்டுக்குப் பயிற்சி என்றேன். நாலாம் நாள் மத்தியானம் மில்லிமீட்டர் வண்டியைப் பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்குக் கொண்டுவந்தார். மைதானம் முழுக்கச் சிவப்புக் கல். அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிடங்கு வாட்ச்மேன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, "என்ன சார், ஓட்டக் கத்துக்கறீங்களா?" என்றார். இல்லை, விழக் கத்துக்கொள்கிறேன் என்றேன். பலமாகச் சிரித்தார்.

விழுவது அவ்வளவு சுலபம் இல்லை மகளே. முதல் சுற்றில் இடது பக்கம் சாய்ந்தேன், வண்டி அழகாக வளைந்து திரும்பி நேராக நின்றது. இரண்டாம் சுற்றில் பிரேக்கை அழுத்தினேன், கல்லில் வழுக்கியது, ஆனால் விழவில்லை. மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணைத் திறந்தால் மைதானத்தின் மறுமூலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். வாட்ச்மேன் எழுந்து கைதட்டினார். "இந்த வயசுல இவ்ளோ பேலன்ஸ் யாருக்கு சார் வரும்!" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கே சந்தோஷமாக இருந்தது, நீ ஏன் இதற்கு லீவு போட்டு அலைகிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏனென்றால் நாலாவது சுற்றிலிருந்து கைப்பிடி என் பேச்சைக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் இழுக்க இழுக்க, யாரோ எதிரே நின்று மறுமுனையைப் பிடித்து இழுப்பது போல வண்டி வலது பக்கமே போயிற்று. காற்று இல்லை. மேடு பள்ளம் இல்லை. பின் சீட்டில் யாரும் இல்லை என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

பயந்துபோனேன், மறைக்கவில்லை. நிறுத்திவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது உனக்கு ஏழு வயதில் மணிக்கட்டு பிசகியபோது நான் எடுத்த எக்ஸ்ரே நினைவு வந்தது. என் முப்பத்து நாலு வருடத்தில் கலங்கலாகப் போன ஒரே படம் அதுதான். நீ அசையவில்லை, மூச்சை இழுத்துப் பிடி என்றதும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், என் கைதான் ஆடியது. அதை நினைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, உடம்பு முழுவதையும் இடது பக்கம் போட்டுக் கைப்பிடியைத் திருகினேன். வண்டி ஒரு கணம் முரண்டு பிடித்தது, பிறகு விட்டது. நிஜமாகவே ஒரு கை விடுகிற மாதிரி விட்டது. விழுந்தோம், நானும் அதுவும் சேர்ந்து, கல்லின் மேல் ஒரு கட்டில் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். கார்டு தன் வேலையைச் செய்தது, என் கால் பத்திரமாக இருக்கிறது. தோளுக்கு யாரும் கார்டு செய்வதில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் படம் எடுத்தது யார் தெரியுமா, நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்தான், இப்போது அவள்தான் பிரிவுத் தலைவி. "சார், மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று என்னிடமே சொன்னாள். தோளை இன்னும் கொஞ்சம் திருப்பிவை என்று நான் சொல்ல, "நோயாளி பேசக் கூடாது சார்" என்றாள், அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான். படத்தை வாங்கிப் பார்த்தேன். காறை எலும்பில் விரிசல், முன்பக்கம் அகலம், பின்பக்கம் மெலிவு, சாய்வு நாற்பது டிகிரி. அவளிடம் என் நோட்டில் இருந்த கீறலின் வரைபடத்தைக் காட்டினேன். "சார், கீழ விழுந்தா எல்லாருக்கும் அந்த எடத்துலதான் உடையும், நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். சொல்லிக் கொடுத்தேன்தான். ஆனாலும் என் மனதுக்கு அது போதும். கீறலுக்கு உரிய ஆள் வந்து, படம் எடுத்து, கட்டுப் போட்டு முடிந்துவிட்டது.

ஆகவே நீ கிளம்பு. அந்தப் பச்சை ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு கிளம்பு. முதல் நூறு கிலோமீட்டர் போனதும் கார்டின் போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்க்கச் சொன்னார் மில்லிமீட்டர், மறக்காதே. தினமும் ஒரு முறை போன் செய், மீட்டிங் என்று சொல்லாதே. மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள், பார்க்காமலேயே சொல்கிறாள், அதையும் கவனித்துக்கொள். உன் சக்கரம் இரண்டும் தரையிலும் நீ அதன் மேலும், வழியெல்லாம் நல்ல மனிதர்கள் உன் எதிரிலும் இருக்க வாழ்த்தி ஆசீர்வதிக்கும்,

உன் அன்பு அப்பா,
கட்டில் எண் பதினொன்று, ஜன்னல் ஓரம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு மில்லிமீட்டர் என்னைப் பார்க்க வந்தார். வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். அப்புறம், "ஏன் சார் இடது பக்கம் விழுந்தீங்க?" என்றார். கீறல் இடது பக்கம்தானே, உங்கள் போட்டோவில் தெளிவாகத் தெரிந்ததே, படத்தில் வலது ஓரத்தில் இருந்தது என்றேன். "படத்துல வலது ஓரத்துல இருந்தா வலது பக்கம்தானே சார்? நான் சீட்டுக்குப் பின்னாடி நின்னுதானே எடுத்தேன்?" என்றார். மகளே, எக்ஸ்ரே படத்தில் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பார், படத்தின் வலது ஓரம் அவருடைய இடது பக்கம். முப்பத்து நாலு வருடமாக நான் எந்தப் படத்தையும் அப்படித்தான் படித்திருக்கிறேன். உன் வண்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் விழுந்தது வேறு யாருடைய விழுகையோ. வலது கார்டில் இன்று காலை பெயிண்ட் தானாக உரிந்திருக்கிறதாம், நாலு விரல் நீளத்துக்கு. ரப்பர் மூடியில் சிக்கியிருந்ததை அவர் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார், நான் பிரித்துப் பார்க்கவில்லை, மடிப்பின் ஓரத்திலேயே பச்சை தெரிந்தது. ஆகவே மேலே எழுதிய அனுமதி எல்லாம் ரத்து. பதினைந்தாம் தேதி கிளம்பாதே, வண்டியைத் தொடாதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், ஆறு வாரம் பொறுத்துக்கொள். என் வலது தோள் முழுசாக, தயாராக இருக்கிறது. கிளட்சுப் பிடிக்க இடது கை வேண்டும் என்பதால்தான் அவகாசம் கேட்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே போய் விழுந்துவிட்டு வந்துவிடுவேன்.